அத்தை வரைந்த சொம்பு

நம் வயசுக்காரர்களுக்கு மட்டும் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால், "யாருமே எதிர்த்துக் கேட்கலையா?" என்று நம்மையே கூண்டில் ஏற்றிவிடுவார்கள். வீட்டில் ஆண்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

யுத்த காலம். அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. பஸ்கள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. ஏற்றம் வந்தால் நாம் இறங்கித் தள்ள வேண்டும். காகிதத்துக்குக்கூடப் பஞ்சம் வந்த வருஷம் அது. எனக்கு ஒன்பது வயசு. ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் இருந்தோம். அப்பா தினமும் சைக்கிளில் காவேரிப் பாலம் தாண்டிப் போவார். திருச்சியில் ஒரு ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர்.

அந்தக் கால டிராயிங் மாஸ்டர் எப்படி இருப்பார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேஜை மேல் ஒரு பித்தளைச் சொம்பு, பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். கையை நீட்டி, பென்சிலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடி அளவெடுக்க வேண்டும். வாய் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, வயிறு இவ்வளவு. நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் கறுப்பு. இதில் ஒரு நூல் தப்பினாலும் அப்பாவுக்குப் பொறுக்காது. வீட்டிலும் அப்படித்தான். அம்மா வாசலில் கோலம் போட்டு நிமிர்ந்தால், "இடது பக்கம் அரை அங்குலம் எறங்கியிருக்கு" என்பார். "பெருமாள் சேவிக்கப் போறவா மிதிச்சுண்டு போறதுக்கு இது போறும்" என்று அம்மா உள்ளே போய்விடுவாள்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. பதினைந்து வயசு இளையவள். பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அப்பாதான் வளர்த்தார். பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். பன்னிரண்டு வயசிலேயே அத்தை அவரைவிட நன்றாக வரைவாளாம். வீட்டுக்கு யார் வந்தாலும், "என் கையைவிட இவ கை நேர்" என்று காட்டுவாராம். இதை அப்பாவே சொல்லக் கேட்டிருக்கிறேன். பெருமையில் குரல் தழுதழுக்கும்.

அத்தையைக் கும்பகோணத்தில் கொடுத்திருந்தது. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சித்திரையில் பிள்ளை பிறந்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டது. அத்தைக்கு அப்போது பத்தொன்பது வயசு.

இரண்டு மாசம் அவள் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழுதாள், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

ஆனி மாசக் கடைசியில் காவேரியில் புதுத்தண்ணீர் வந்தது. மேட்டூரில் திறந்துவிட்டார்களாம், இன்று வரும், நாளை வரும் என்று ஊரே அம்மா மண்டபம் படித்துறைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தது. அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு மணலில் இறங்கிவிட்டாள். வெள்ளம் ஓங்கி வருவது போல வராது அது. முதலில் சருகு வரும், பின்னால் அழுக்கு நுரை, அதன் பின்னால் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர். காய்ந்த மணல் அதை உறிஞ்சும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம். ஆயிரம் கொப்புளம் எழுந்து எழுந்து உடையும். அத்தை கால் நனையும்வரை அசையவில்லை. "சத்தம் கேட்டியா? மணல் குடிக்கிறது" என்றாள். இரண்டு மாசத்தில் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அது.

மறுநாள் அப்பா பள்ளிக்கூடம் போனதும் அவருடைய பழைய வர்ணப் பெட்டியை எடுத்தாள். சின்னச் சின்ன வில்லைகளாக இருக்கும் தண்ணீர் வர்ணம். தூரிகை அணில்வால் மயிரில் செய்தது என்று அம்மா அதைச் சமையலறைப் பக்கமே விடமாட்டாள், அதனால் அத்தை கிணற்றடிக்குப் போனாள். தாம்பாளத்தில் தண்ணீர் விட்டுக் காகிதத்தை அதில் பாதி மட்டும் முக்கினாள். ஈரக் காகிதத்தை உட்காரும் மணை மேல் விரித்து, ஒரு பக்கம் உயர்த்திப் பிடித்து, செம்மண் நிறத்தைச் சொட்டினாள். வர்ணம் ஓடியது. ஈரம் முடிந்து உலர்ந்த இடம் வந்ததும் தயங்கி நின்றது. நின்ற இடத்தில் ஓரம் கட்டிக்கொண்டது, சருகும் நுரையுமாக.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, பொய் சொல்வானேன். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் உள்ளங்காலில் அந்த மணல் குறுகுறுத்தது.

பிறகு தினமும் ஒன்று. என்னவெல்லாம் செய்து பார்த்தாள் என்று நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. பப்பாளி இலைக் காம்பை ஒடித்து அதன் வழியாக வர்ணத்தை ஊதுவாள். ஈர நீலத்தின் மேல் வாழைச் சருகை ஒட்டிவைத்து, உலர்ந்ததும் உரிப்பாள். வர்ணம் தீர்ந்தபோது துணிக்குப் போடும் நீலக் கட்டியைக் கரைத்தாள். பழுப்புக்குக் காபி டிகாக்ஷன். ஒரு நாள் உப்பு ஜாடி பாதி காலி. அம்மா தேடிக்கொண்டு வந்தால், பச்சை பூசிய ஈரக் காகிதம் முழுக்க உப்புக் கல்.

"மன்னி, இங்கே பாரேன். உப்பு பட்ட எடத்துலேர்ந்து வர்ணம் எப்படி விலகிப் போறது பாரு. கொளத்துல மழைத்துளி விழற மாதிரி."

"கொழம்புக்குப் போட வேண்டிய உப்புடி அது" என்று அம்மா திட்டினாள். ஆனால் திட்டிவிட்டு உள்ளே போகவில்லை. அடுப்பில் பருப்பு பொங்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது இப்படிப்பட்ட படங்களைக் கண்ணாடி போட்டு வெள்ளைச் சுவரில் மாட்டுகிறார்கள். ஆறும் இல்லாமல் மரமும் இல்லாமல் ஆற்றையும் மரத்தையும் வரைவதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அத்தைக்கு அந்தப் பெயர் தெரியாது. எங்கள் வீதியில் யாருக்கும் தெரியாது. அவள் வேறு எங்கேயும் பார்த்து இதைச் செய்யவில்லை.

அந்த நாட்களில் அவள் சிரித்தாள். மத்தியானம் சாப்பிட்டாள். இரவில் தூங்கினாள். துக்கம் போகவில்லை, திடீரென்று தூணில் சாய்ந்து அழுவாள். ஒரு நாள் நான் கேட்டேன், "பாப்பாவை நெனச்சுண்டுதான் இதெல்லாம் போடறியா அத்தை?" என்று. "இல்லே. அழறது வேற, இது வேற. இது ஆறு" என்றாள். ஒன்பது வயசுக்காரிக்குப் புரிந்தது பெரியவர்களுக்குப் புரியவில்லை. அவளுடைய ஒரே சந்தோஷத்தைப் பார்த்துத்தான் வியாதி என்று முடிவு கட்டினார்கள்.

காகிதம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. அப்பாவின் அலமாரியிலிருந்து. பையன்கள் பரீட்சையில் வரைந்த படங்களைத் திருத்தி, கட்டிவைத்திருந்தார். முன்பக்கம் சொம்பும் எலுமிச்சம்பழமும், பின்பக்கம் வெள்ளை. அத்தை அந்த வெள்ளையில் வரைந்து, உலர்ந்ததும் பழையபடி கட்டில் சொருகிவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை அப்பா அந்தக் கட்டை அவிழ்த்தார். ஊஞ்சலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். சொம்பு, ஆறு. சொம்பு, மழை. சொம்பு, பாசி. ஒன்றை எடுத்து நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தையைக் கூப்பிட்டார்.

"இது என்ன?"

"ஆனி மாசம் புதுத்தண்ணி வந்துதே அண்ணா, அது."

"ஆறு எங்கே? கரை எங்கே? படித்துறை எங்கே?"

"படித்துறையிலே நின்னுண்டு பாத்தா படித்துறை தெரியாதே அண்ணா."

"இதுல எது மேல் பக்கம்?"

அத்தை யோசித்தாள். "இன்னும் தீர்மானம் பண்ணலை" என்றாள்.

அப்பா கத்தவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். எழுந்து கிணற்றடிக்குப் போய் முகத்தை அலம்பிக்கொண்டார், வெகுநேரம் அலம்பினார். அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னார்: "இத்தனை வருஷமா பசங்க படத்தைப் பாக்கறேன். போடத் தெரியாதவன் கோணலாத்தான் போடுவான். போடத் தெரிஞ்சவ இப்படிப் போட்டா அது கைக் கோளாறு இல்லே. தலை."

"பொழுது போகாம ஏதோ பண்றா. விட்டுடுங்கோளேன்."

"உனக்கென்ன தெரியும் படத்தைப் பத்தி?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அம்மா உள்ளே போனாள்.

வேறு எந்த வீட்டிலும் இது நடந்திருக்காது. கணக்குப்பிள்ளை வீடாக இருந்திருந்தால், 'என்னவோ வர்ணத்தை அப்பிண்டிருக்கா' என்று விட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் படம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் தீர்ப்புச் சொன்னபிறகு மறுப்பதற்கு ஆள் இல்லை.

அதற்கப்புறம் அத்தைக்குக் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். கிணற்றுச் சுவரில் படர்ந்த பாசியைப் பார்த்துக்கொண்டு நின்றால் வியாதி. மத்தியான வெயிலில் ஆற்றைப் பார்க்கப் போனால் வியாதி. தானாகச் சிரித்தால் கேட்கவே வேண்டாம். 'பிள்ளைப்பேற்றுக்கு அப்புறம் சிலபேருக்கு இப்படிப் பிசகிடறது' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேச்சு கும்பகோணம்வரை போயிற்று. அத்திம்பேரின் அம்மாவிடமிருந்து கார்டு வந்தது. பெண்ணுக்குச் சித்தம் சரியில்லை என்று கேள்விப்படுகிறோம், எங்களுக்கு ஒரே பிள்ளை, தீபாவளிக்குள் தெளியாவிட்டால் நாங்கள் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தது. வேறு இடம் என்றால் வேறு பெண். அப்போது அதைத் தடுக்கச் சட்டம் கிடையாது.

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுததை நான் பார்த்தேன். தாயில்லாமல் வளர்த்த தங்கை, பத்தொன்பது வயசில் தள்ளிவைக்கப்பட்டவளாகப் பிறந்த வீட்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாளே என்று துடித்தார். அந்தத் துடிப்பில்தான் எல்லாவற்றையும் செய்தார். வேண்டாதவராக இருந்திருந்தால் இவ்வளவு செய்திருக்கமாட்டார்.

முதலில் படங்களை அழித்தார். அழித்தது அம்மா, சொன்னது அப்பா. பின்கட்டில் வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டாள். உப்புப் பட்ட காகிதம் படபடவென்று வெடித்து எரிந்தது. பையன்களின் படங்களும் சேர்ந்து போய்விட்டன. மழையில் நனைந்துவிட்டதென்று அப்பா பள்ளிக்கூடத்தில் சொன்னாராம். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன முதல் பொய் அது. அன்று அந்த வெந்நீரில்தான் எல்லோரும் குளித்தோம். அத்தையும் குளித்தாள்.

பிறகு கோயில். திருச்சிக்கு மேற்கே, காவேரிக் கரையில் ஒரு பெருமாள் கோயில் உண்டு. சித்தம் கலங்கினவர்களை அங்கே கொண்டுவைத்து ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தங்கவைப்பது வழக்கம். காலையில் ஆற்றில் குளித்து ஈரத்தோடு பிரதட்சிணம் செய்ய வேண்டும். உச்சிவேளைப் பூஜை முடிந்ததும் வரிசையாக உட்காரவைத்து முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். எத்தனையோ பேருக்குத் தெளிந்திருக்கிறது. பெருமாள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வியாதி இல்லாதவளைக் கொண்டுபோய் நிறுத்தியது நாங்கள்.

புரட்டாசி பிறந்ததும் அம்மாவும் அத்தையும் நானும் கரி பஸ்ஸில் போனோம். அப்பா ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் இருந்தார். சன்னிதித் தெருவில் ஒரு ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார். ஒரு ஜன்னல், ஒரு கோட்டை அடுப்பு, கணக்கில்லாத கொசு.

முதல் நாள் மண்டபத்தில் உட்கார்ந்தபோது பயந்துபோய் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். ஒருவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். நூறு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. ஒரு அம்மாள் கண்ணில் படுகிறவரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டாள். அவர்களோடு அத்தை தலைமுடியை விரித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டர் கையிலிருந்து தீர்த்தம் பளீரென்று முகத்தில் விழுந்தது. துடைத்துக்கொள்ளக் கூடாது. அத்தை கண்ணைச் சிமிட்டினாள். சிமிட்டிவிட்டு என் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னாள்:

"கண்ணுல தண்ணியோட அந்த வெளக்கைப் பாரு. எப்படிக் கரைஞ்சு ஓடறது தெரியுமா?"

நானும் முகத்தை நனைத்துக்கொண்டு பார்த்தேன். கரைந்து ஓடத்தான் செய்தது. அம்மா காதிலும் அது விழுந்தது.

வாசலில் துளசி மாலை விற்கிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். பத்து நாள் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள், "இந்தம்மாவுக்கு என்னங்க ஒடம்புக்கு? நல்லாத்தானே இருக்காங்க. எங்க வூட்டுக்காரரைவிடத் தெளிவாப் பேசுறாங்க."

"எல்லாம் பெருமாள் பாத்துப்பார்" என்று அம்மா மாலையை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். அறைக்கு வந்ததும், "அவ சொல்றது சரிதானேம்மா?" என்று கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எனக்கும் பைத்தியமாத் தெரியலை. ஆனா நான் யாருடி சொல்றதுக்கு?" என்றாள். அதை அப்பாவிடம் அவள் கடைசிவரை சொல்லவில்லை.

வர்ணப் பெட்டியை அப்பா பூட்டிவைத்திருந்தார். அத்தை மண்டபத்துக் கருங்கல் தரையில் ஈரவிரலால் வரைவாள். வெயிலில் நாலு நிமிஷத்தில் உலர்ந்துவிடும். உலர உலர அது எப்படிச் சுருங்குகிறது என்று பார்ப்பாள். தடயம் இல்லாத படம் அது. யாரும் குற்றம் சொல்ல முடியாது என்று நான் நினைத்தேன். ஆனால் யாரோ பார்த்து அப்பாவுக்குக் கடிதம் போட்டுவிட்டார்கள்.

முப்பதாம் நாள்போல, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வந்தார். பையில் வர்ணப் பெட்டி, புதுக் காகிதம், ஒரு எலுமிச்சம்பழம். அறையில் இருந்த பித்தளைச் சொம்பை ஜன்னல் ஓரம் வைத்தார். பக்கத்தில் பழத்தை வைத்தார். "இதைப் போடும்மா" என்றார். குரல் கெஞ்சியது.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வேப்பமரத்துப் பச்சை சொம்பின் மேல் விழுந்து அசைந்தது. அத்தை முகத்தில் அப்படி ஒரு ஆசை. காகிதத்தை முழுக்க ஈரமாக்கினாள். மஞ்சளைச் சொட்டினாள், அதன் மேல் பச்சையை. சாய்த்துப் பிடித்து ஓடவிட்டாள். இரண்டும் கலந்த இடத்தில் பித்தளையின் நடுவில் இருந்த அந்த வெளிச்சம் அப்படியே வந்துவிட்டது. நான் பார்த்தேன். அவள் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

"சொம்பு எங்கேம்மா?" என்றார் அப்பா.

"இதான் அண்ணா. அதுமேல விழற வெளிச்சம்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், "அண்ணாவுக்கு மட்டுமாவது புரியும்னு நெனச்சேன்."

அப்பா காகிதத்தை நாலாக மடித்தார். வாசலில் நின்று அம்மாவிடம் பேசியது உள்ளே கேட்டது. நாற்பத்தெட்டாம் நாள் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். அன்றும் இப்படியே இருந்தால் அவர்கள் உறவு அத்தோடு சரி. பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் விடுவதைத் தவிர வழியில்லை என்றார். அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வந்ததாக எங்கள் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன்.

எனக்குக் கொசுக்கடி புண்ணாகி, கால் முழுக்கச் சிரங்கு. பள்ளிக்கூடத் தோழிகள் நவராத்திரிக்குப் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு வீடு வீடாகச் சுண்டல் வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு வேறு. ஆற்றங்கரையில் அத்தை என் காலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டே சொன்னேன்:

"ஒரே ஒரு சொம்பு போட்டுடேன் அத்தை. நம்மாத்துக்குப் போயிடலாம்."

"எனக்குப் போடத் தெரியாதுன்னு நெனச்சிண்டிருக்கியா?"

"தெரியுமே. அப்புறம் ஏன் போட மாட்டேங்கறே?"

"போட்டா, அதுதான் சரின்னு ஆயிடும். இத்தனை நாள் போட்டதெல்லாம் பைத்தியம்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி."

"ஆனா ஆகட்டுமே. கும்பகோணம் போனப்புறம் உன் இஷ்டப்படி போட்டுக்கோயேன். யாருக்குத் தெரியப்போறது?"

அத்தை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. "உனக்கு ஆத்துக்குப் போணுமா?" என்றாள். "போணும்" என்றேன். என் காலைத் தன் தலைப்பால் ஒற்றித் துடைத்துவிட்டாள்.

நாற்பத்தெட்டாம் நாள் அப்பாவும் அத்திம்பேரும் வந்தார்கள். அத்திம்பேர் நல்ல மனுஷன்தான். பயந்தவர். சுவரோரம் துண்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சொம்பு வைத்தாயிற்று, பழம் வைத்தாயிற்று.

அத்தை காகிதத்தை நனைக்கவில்லை. பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடினாள். வாய், கழுத்து, வயிறு. வயிற்றில் ஒரு நெளிசல் இருந்தது, அதையும் விடவில்லை. உலர்ந்த தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாக வர்ணம் ஏற்றினாள். பழத்தின் காம்பு, தரையில் விழுந்த நிழல். ஒரு மணி நேரம் ஆயிற்று. முடித்துவிட்டுத் தூரிகையைத் தண்ணீரில் அலசி வைத்தாள்.

அப்பா பென்சிலை எடுத்து அளந்து பார்த்தார். "நேர். நூல் பிசகலை" என்றார். அப்படியே கோயில் இருந்த திசையைப் பார்த்துத் தரையில் விழுந்து சேவித்தார். அத்திம்பேரும் அழுதார். பட்டர் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார். எனக்கு வீட்டுக்குப் போகிற குஷி. பொங்கலை இரண்டு தடவை வாங்கித் தின்றேன். அம்மா மட்டும் படத்தைப் பார்க்க வரவில்லை. பாத்திரம் தேய்க்கிறேன் என்று கொல்லையில் இருந்தாள்.

அந்தச் சொம்புப் படத்தை அப்பா சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்களிடம், "என் தங்கைக்குச் சித்தம் தெளிஞ்ச அன்னிக்குப் போட்டது" என்று காட்டுவார். வர்ணப் பெட்டியை ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டார். மறுபடி கையில் கிடைத்தால் பழசு திரும்பிவிடுமாம். கும்பகோணத்துக்கும் எழுதிவிட்டார், இவள் கண்ணில் வர்ணமே படக்கூடாது என்று. நான் ஆற்றங்கரையில் சொன்ன யோசனை அந்த ஒரு கடிதத்தோடு முடிந்தது.

அத்தை வாழ்ந்தாள். குறையொன்றும் சொல்ல முடியாது. மூன்று பிள்ளைகள். மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் எல்லாம் செய்தாள். அவள் வாசலில் போடும் இழைக் கோலம் ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கும் என்று பெயர். அப்பா போய், அம்மா போய், வீடு கைமாறியபோது அந்தச் சொம்புப் படம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நான் தேடவும் இல்லை.

அத்தைக்கு அறுபதுக்கு மேல் ஆனபிறகு ஒருமுறை கும்பகோணம் போனேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக மனசில் வைத்துப் புழுங்கியதைக் கேட்டுவிடுவது என்றுதான் போனேன். கூடத்தில் அவளும் நானும்தான். மாட்டுப்பெண் காபி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அத்தை, அன்னிக்கு நான் அழுததுனாலதானே சொம்பு போட்டே?"

"எந்தச் சொம்பு? ஓ, உங்கப்பா மாட்டிவெச்சிருந்தாரே, அதுவா."

"அதுக்கு முன்னாடி போட்டதெல்லாம் ஞாபகம் இருக்கா? புதுத்தண்ணி, உப்பு போட்டு ஒண்ணு, ஜன்னல் வெளிச்சம்…"

அத்தை சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதெல்லாம் இங்கே பேசாதேடி. மாட்டுப்பொண்ணுக்குத் தெரியாது. அப்போ எனக்குச் சித்தம் சரியில்லாம இருந்தது. பெருமாள்தான் காப்பாத்தினார்."

"இல்லே அத்தை. உனக்கு ஒண்ணுமே இல்லே. நீ நன்னாத்தான் இருந்தே. நாங்கதான் தெரியாம…"

சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் சின்ன வயசில் அந்த மண்டபத்தில் பார்த்த முகங்களில்கூட அப்படி ஒரு பயத்தைப் பார்த்ததில்லை.

"அப்படிச் சொல்லாதே. எனக்கு ஒண்ணும் இல்லேன்னா அந்த நாப்பத்தெட்டு நாள் எதுக்கு? அதுக்கப்புறம் இத்தனை வருஷம் எதுக்குடி?"

மன்னிப்புக் கேட்கப் போனவள் நான். கேட்டால் அவளிடம் மிச்சம் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு வந்தவளாவேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஆமாம் அத்தை, எனக்குத்தான் சரியா ஞாபகம் இல்லே. நீ ரொம்பப் படுத்திண்டிருந்தே. பெருமாள்தான் காப்பாத்தினார்" என்றேன்.

அத்தை கையை விட்டாள். "அதான் சொல்றேன். காபி ஆறிடறது, குடி" என்றாள்.